இடப்பக்கம் பாருங்க

தலைக்கு ஆயிரத்து இருநூறு.
துண்டறிக்கையில் ஒரு நீலத் திமிங்கிலம்
துறைமுகத்தைவிடப் பெரிதாய் வாலைத் தூக்கியிருந்தது.
அதன் கீழே, பொடி எழுத்தில்,
"காண்பது இயற்கையின் கையில்."
ஆறடி தள்ளி நின்றே படித்துவிட்டேன்.
புரசைவாக்கத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில்
ஒன்பது வருடமாய்ப் பார்வை சோதிப்பவள் நான்.
கடைசி வரிசை எழுத்துகள் எனக்கு
அக்கம்பக்கத்து வீட்டார்.

காசிமேட்டில் விடிவதற்கு முன்பே விடிந்திருந்தது.
ஐஸ் உடைக்கும் இரைச்சலில் வஞ்சிரம் ஏலம் போக
ஆரஞ்சு மிதவைச் சட்டை மாட்டி
வரிசையில் நின்றோம் எட்டுப் பேர்.
"இன்னாமா, மீனைப் பாக்கவா துட்டு குடுத்துப் போறீங்க?"
என்றாள் கூடைக்காரி ஒருத்தி.
அவள் கூடையிலிருந்த சங்கராவும்
அதே கேள்வியோடு எங்களைப் பார்த்தது.

ஃபைபர் படகு. ஓட்டுபவர் தேசப்பன்.
போனைப் பாலிதீனில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார்.
தண்ணீரை ஒரு முறை பார்த்து
"தெண்டி ஓடுது" என்றார்.
யாருக்கும் புரியவில்லை.
எல்லோரும் தலையாட்டினோம்.

துறைமுக வாயைத் தாண்டியதும்
நகரம் உயரத்தை இழக்கத் தொடங்கியது.
கலங்கரை விளக்கம் ஒரு தீக்குச்சி.
எண்ணூர்ப் புகைபோக்கிகள் அணைந்த ஊதுபத்திகள்.
நான் தவணை கட்டும் மூன்றாவது மாடி
எந்தப் பழுப்பில் கரைந்ததோ.
நங்கூரமிட்ட கப்பல்கள் மட்டும்
டோக்கன் வாங்கி உட்கார்ந்தவர்கள்போல
அசையாமல் இருந்தன.

மூன்று முறை ஏமாந்தோம்.
ஒரு தெர்மகோல். ஒரு தென்னை மட்டை.
ஒற்றைச் செருப்பைப் பார்த்து
"துடுப்பு! துடுப்பு!" என்று எழுந்து நின்றவர்
வங்கி மேலாளர் சம்பந்தமூர்த்தி.
கிட்டப்பார்வை, ஒன்றரை இருக்கும்.
சொல்லவில்லை. விடுமுறை நாள்.

"திமிங்கிலம் வருமாங்க?"
"போன மாசம் ஒண்ணு வந்துச்சு. நான் தூங்கிட்டிருந்தேன்."
"டால்ஃபின்?"
"ஓங்கலா? அது வரும்.
வலையைக் கிழிக்கிற அன்னிக்கு
அதுக்கு வேற பேரு வச்சிருக்கோம்."

மோட்டாரை நிறுத்தினார்.
நின்ற படகைத்தான் கடல் ஆட்டும் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
ஐந்து மணிக்குத் தின்ற இரண்டு இட்லியும்
திரும்பி வரப் புறப்பட்டபோது
வலப்பக்க விளிம்பைப் பிடித்துக் குனிந்தேன்.
சரியாய் அப்போதுதான் தேசப்பன் குரல்:
"இடப்பக்கம் பாருங்க!"

ஏழு பேர் ஒரே பக்கம் பாய
என் பக்கம் மேலேறியது.
கடலுக்கென்று குனிந்தவள்
வானத்துக்குள் வாந்தியெடுத்தேன்.
முதுகுக்குப் பின்னால்
இரண்டு, இல்லை நான்கு, ஐயோ குட்டி, குட்டி, என்று
எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.
திரும்ப முடியவில்லை. கண் முழுக்க நீர்.

படகு மறுபடி என் பக்கம் தாழ்ந்தது.
கன்னத்துக்கு ஒரு முழம் கீழே
புஸ்ஸ்…
நிறுத்தத்தில் 29சி கதவு திறக்கிற அதே சத்தம்.
வெதுவெதுப்பாய் ஒரு தூறல்,
மத்தி நாற்றத்தோடு, முகத்தில்.
கண் திறந்தபோது
தண்ணீர் வேலையை முடித்துவிட்டிருந்தது.
ஒரு வளையம். அதுவும் போனது.

கரை திரும்பும் வழியெல்லாம் வீடியோ காட்டினார்கள்.
சாம்பல் கடலில் சாம்பல் புள்ளி.
"அடடா, நீங்கதான் பாக்கலை" என்று
சம்பந்தமூர்த்தி எனக்காக வருந்தினார்,
தெர்மகோலைப் பெரிதாக்கிக் காட்டியபடி.
தேசப்பன் மட்டும் ஈரத் துண்டை நீட்டி
"மூஞ்சியில மீன் வாடை" என்றார்.
"ஆமாங்க" என்றேன்.
வாங்கினேன். துடைக்கவில்லை.

திங்கட்கிழமை, இருட்டறை, மூன்றாவது நோயாளி.
விழிக்குள் வெளிச்சம் பாய்ச்ச
மூக்கும் மூக்கும் இடிக்குமளவு குனியும் வேலை இது.
ஒன்பது வருடமாய்
என் மூச்சை அடக்கித்தான் குனிவேன்.
அன்று மறந்துவிட்டேன்.
அவர் மூச்சு என் கன்னத்தில் பட்டது,
வெதுவெதுப்பாய், கொஞ்சம் பூண்டு, கொஞ்சம் காபி.
கருவியைப் பிடித்த கை ஒரு கணம் ஆடியது.

"இடப்பக்கம் பாருங்க" என்றேன்.
அவர் வலப்பக்கம் பார்த்தார்.